சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாய்லர்: கொர்ஃபு விடுதி மரணங்கள்

2006 அக்டோபர் 26. கிரேக்க நாட்டின் கொர்ஃபு தீவில், கூவியா என்ற கடற்கரை ஊர். அங்கிருந்த லூயிஸ் கோர்கிரா பீச் விடுதியில் ஒரு காட்டேஜைச் சுத்தம் செய்யப் போன பணிப்பெண், உள்ளே நான்கு பேர் அசைவில்லாமல் கிடப்பதைப் பார்த்தார். 7 வயதுச் சிறுமியும் அவளுடைய 6 வயதுத் தம்பியும் இறந்திருந்தார்கள். அவர்களுடைய அப்பாவும் அவருடைய துணைவியும் நினைவில்லாமல் இருந்தார்கள். பெரியவர்கள் இருவரும் கோமாவிலிருந்து மீண்டார்கள். நால்வரையும் தாக்கியது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பம் அது. தாமஸ் குக் நிறுவனத்தின் பேக்கேஜில் வந்திருந்தார்கள். விமானம், விடுதி எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். 1841இல் முதல் குழுப் பயணத்தை நடத்திய ஒருவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம் ஏற்பாடு செய்த இடத்தில் அபாயம் இருக்கும் என்று எந்தப் பெற்றோர் நினைப்பார்கள்? வெளிநாட்டில் அறை எடுக்கும் நமக்கும் அதே நம்பிக்கைதான். வேறு யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த வழக்கைப் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: அந்த ‘யாரோ’ என்ற ஆள் இல்லவே இல்லை. எல்லோரும் அடுத்தவர் சொன்னதை வாங்கிக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். பாய்லர் இருந்த அறையின் கதவைத் திறந்து பார்க்க ஒருவரும் போகவில்லை.

என்ன நடந்தது

காட்டேஜை ஒட்டி வெளிப்புறத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. வெந்நீருக்கான கேஸ் பாய்லர் அதற்குள் இருந்தது. விருந்தினர் கண்ணில் படும் இடம் இல்லை அது. பின்னாளில் நடந்த விசாரணையில் நிபுணர்கள் சொன்னது இது: பாய்லர் மோசமாகப் பொருத்தப்பட்டு, மோசமாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. எரிந்த வாயுவை வெளியே கொண்டுபோக வேண்டிய புகைக்குழாய் இல்லை. கோளாறு வந்தால் எரிவதைத் தானாக நிறுத்த வேண்டிய பாதுகாப்பு அமைப்பை வேண்டுமென்றே ஷார்ட் செய்து செயல்படாமல் ஆக்கியிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஏசி குழாய்களைக் கொண்டுபோகச் சுவரில் போட்ட ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருந்தன. அந்த வழியாகத்தான் வெளி அறையில் தேங்கிய வாயு, குழந்தைகள் தூங்கிய அறைக்குள் வந்தது.

இதை ஒரு விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான்கு தனித்தனி வேலைகள் இவை. பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நாட்களில் செய்திருப்பார்கள். புகைக்குழாய் ஒழுங்காக இருந்திருந்தால் வாயு வானத்துக்குப் போயிருக்கும். பாதுகாப்பு அமைப்பைத் தொடாமல் விட்டிருந்தால் பாய்லர் அணைந்திருக்கும். அந்தக் குடும்பம் குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு வரவேற்பறையில் புகார் சொல்லியிருக்கும். ஓட்டையை ஒரு கைப்பிடி சிமென்ட் வைத்து அடைத்திருந்தால்கூடப் பெரும்பகுதி வாயு வெளி அறையிலேயே நின்றிருக்கும்.

பாதுகாப்பு அமைப்பை ஏன் ஒருவர் முடக்குவார்? பராமரிப்பு வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. புகை சரியாக வெளியேறாத பாய்லர் அடிக்கடி நின்றுபோகும். வெந்நீர் வரவில்லை என்று விருந்தினர் கத்துவார்கள், மேலாளர் அவசரப்படுத்துவார். நிற்பதற்கான காரணத்தைத் தேடிச் சரிசெய்ய நேரமும் காசும் வேண்டும். ஒரு வயரை இணைத்துவிட்டால் பாய்லர் நிற்கவே நிற்காது. கொர்ஃபுவில் இதைச் செய்தவர் மனதில் என்ன ஓடியதோ, அது யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது.

மூக்கை நம்பக் கூடாது

நம் வீட்டுச் சமையலறை நமக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருக்கிறது: கேஸ் கசிந்தால் நாறும். சமையல் கேஸுக்கு இயல்பில் அந்த நாற்றம் கிடையாது. கசிவு தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலந்து நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும்; காற்றில் சுமார் இரண்டு சதவீதம் கலந்தாலே தீப்பொறியில் வெடிக்கக்கூடும். விடுதி அறையில் அந்த நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும் என்பது நம்மில் எல்லோருக்கும் தெரியும்.

கொர்ஃபுவில் கொன்றது வேறு வாயு. அது எரியாத கேஸ் அல்ல, அரைகுறையாக எரிந்த கேஸ். போதுமான காற்றில் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும்தான் பெரும்பாலும் உண்டாகும். புகை வெளியே போக வழியில்லாமல் அதே சின்ன அறைக்குள் சுற்றினால், பர்னருக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். கார்பன் மோனாக்சைடு மளமளவென்று கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. காற்றை விடக் கொஞ்சம்தான் இலேசானது, அதனால் தரையிலும் தங்காது, கூரையிலும் தங்காது. அறை முழுக்கக் கலந்துவிடும். இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல் போய்வரும், உடம்புக்குத்தான் ஆக்சிஜன் போய்ச் சேராது. குழந்தைகள் தங்கள் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகமாகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். ஒரே அறையில் படுத்தாலும் ஆபத்து அவர்களை முந்திப் பிடிக்கும்.

தொடக்க அறிகுறிகள் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கை கால் தளர்ச்சி. வெளியூர் போன இடத்தில் இப்படி வந்தால் நாம் என்ன நினைப்போம்? நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, வெயில் பட்டுவிட்டது, பயணக் களைப்பு. எல்லாமே நம்பத்தக்க காரணங்கள். உடனே போய்ப் படுப்போம். அந்த அறையிலேயே படுப்போம்.

2022 மே மாதம் பஹாமாஸின் எக்சூமா தீவில் ஒரு சொகுசு விடுதியில் நடந்ததைக் கேட்டால் இந்தக் குழப்பம் எவ்வளவு கொடியது என்று புரியும். அமெரிக்காவிலிருந்து வந்த இரண்டு தம்பதிகள், வேறு வேறு அறைகளில் தங்கியிருந்தவர்கள், முதல் நாள் மாலையே உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனார்கள். சிகிச்சை கொடுத்து, அறைக்குத் திரும்ப அனுப்பினார்கள். மறுநாள் காலையில் அவர்களில் மூன்று பேர் இறந்து கிடந்தார்கள். காரணம் கார்பன் மோனாக்சைடு என்று பஹாமாஸ் காவல்துறை பின்னர் அறிவித்தது. மருத்துவரைத் தேடிப் போனவர்கள் அவர்கள். செய்ய வேண்டியதைச் செய்தவர்கள். விஷம் அறையில் இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

யார் பொறுப்பு

கொர்ஃபு வழக்குக்கு வருவோம். 2010இல் கிரேக்க நீதிமன்றம், விடுதியின் மேலாளரையும் அங்கே தொழில்நுட்ப வேலை பார்த்த இருவரையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, ஏழு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அதே வழக்கில் நிறுத்தப்பட்ட தாமஸ் குக் ஊழியர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

பிரிட்டனில் மரண விசாரணை முடிய 2015 ஆகிவிட்டது. ஒன்பது ஆண்டுகள்! அந்த மே மாதம் ஜூரி (பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு) சொன்ன முடிவு, சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டார்கள் என்பது. அதோடு தாமஸ் குக் தன் வாடிக்கையாளருக்குச் செலுத்த வேண்டிய கவனக் கடமையிலிருந்து தவறியது என்றும் ஜூரி சொன்னது. அந்த இடத்தில் கேஸ் பயன்பாடு எப்படி என்பதைப் பற்றி விடுதி, நிறுவனத்தைத் தவறாக நம்பவைத்தது என்பதும் பதிவானது. ஆனால் நிறுவனம் நடத்திய பாதுகாப்புத் தணிக்கையும் போதுமானதாக இல்லை என்று ஜூரி கண்டது.

எனக்கு இந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் வழக்கின் மையம். விடுதி பொய் சொன்னது, சரி. பொய் சொன்னால் கண்டுபிடிக்கத்தானே தணிக்கை? விடுதி ஆளிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலை எழுதிக்கொண்டு வருவதற்குப் பெயர் தணிக்கை அல்ல. வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு, அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே சுவருக்குப் பின்னால் போயிருந்தால் பாய்லர் கண்ணில் பட்டிருக்கும். புகைக்குழாய் இல்லாத பாய்லரை அடையாளம் காணப் பொறியியல் பட்டம் வேண்டாம்.

விசாரணையில் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பீட்டர் ஃபாங்க்ஹவுசர், வருத்தப்படுவதாகவும், ஆனால் நிறுவனம் தவறு செய்யாததால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். சில நாட்களில் இன்னொரு செய்தி வந்தது. விடுதிக் குழுமத்திடமிருந்து தாமஸ் குக் இழப்பீடாகப் பெற்றது சுமார் 35 லட்சம் பவுண்டு. பெற்றோருக்குக் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. நாடே கொதித்தது. நிறுவனம் 15 லட்சம் பவுண்டை யுனிசெஃபுக்குக் கொடுத்தது. அதையும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே செய்தார்கள். கடைசியில் மன்னிப்பும் வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஒரு மன்னிப்புக்காக ஒன்பது ஆண்டு காத்திருந்தார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு நல்லதும் நடந்தது. சில்லறை வணிகத்தில் பெயர் பெற்ற ஜஸ்டின் கிங்கை வைத்து நிறுவனம் ஒரு தனி ஆய்வு நடத்தியது. 2015 நவம்பரில் அறிக்கை வந்தது. பெற்றோரின் பங்களிப்போடு சேஃபர் டூரிசம் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை உருவாகி, பயணிகளின் பாதுகாப்புக்காக, குறிப்பாகக் கார்பன் மோனாக்சைடு குறித்து, பேசிவருகிறது. தாமஸ் குக் 2019 செப்டம்பரில் திவாலாகி மூடியது. அதற்குக் காரணம் கடன் சுமை, இந்த வழக்கு அல்ல.

நாமே முன்பதிவு செய்யும் அறை

கொர்ஃபு குடும்பத்துக்குக் குறைந்தபட்சம் பொறுப்புக் கேட்க ஒரு நிறுவனம் இருந்தது. 1990லிருந்தே ஐரோப்பியச் சட்டப்படி, பேக்கேஜ் விற்பவர் அதில் அடங்கிய சேவைகளுக்குப் பொறுப்பு. விமான டிக்கெட்டைத் தனியாகவும் அறையைத் தனியாகவும் நாமே போனில் எடுக்கும்போது, அந்தப் பாதுகாப்பு நமக்கு அப்படியே வராது. அறையை வாடகைக்கு விடுபவர் ஒரு தனி ஆள். அவர் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான். பிரிட்டனில் 1998 கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி விடுமுறை வாடகை வீடுகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை கேஸ் கருவிகளைப் பதிவுபெற்ற தொழில்நுட்பர் சோதிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை.

2022 அக்டோபர் இறுதியில் மெக்சிகோ சிட்டியில், இறந்தோர் நாள் விழாவுக்காக அமெரிக்காவிலிருந்து வந்த மூன்று நண்பர்கள், தனியார் வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளம் மூலம் எடுத்த அடுக்ககத்தில் இறந்து கிடந்தார்கள். அங்கேயும் கார்பன் மோனாக்சைடுதான். அவர்களில் ஒருவர், உடம்பு என்னவோ செய்கிறது என்று ஊரிலிருந்த தன் துணைவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஏர்பிஎன்பி 2014 முதல் வீட்டுக்காரர்களுக்கு இலவசமாக அலாரம் தரும் திட்டம் நடத்திவந்தது. உலகெங்கும் கட்டாயம் என்று ஆக்கவில்லை. கொடுக்க முடிந்ததை ஏன் கட்டாயமாக்க முடியவில்லை என்ற கேள்வியை இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்டன. நியாயமான கேள்வி.

நமக்கு இன்னும் பக்கத்தில், நேபாளத்தில், 2020 ஜனவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கேரளத்திலிருந்து போன 15 பேர் கொண்ட குழு, போக்ராவிலிருந்து திரும்பும் வழியில் டாமன் என்ற மலை ஊரில் இரவு தங்கியது. சுமார் 2,300 மீட்டர் உயரம், ஜனவரிக் குளிர். எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். கேஸ் ஹீட்டர் போட்டிருந்தது. கதவும் ஜன்னலும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. இரண்டு தம்பதிகளும் நான்கு குழந்தைகளும் இறந்தார்கள். கடலோர வெப்பத்தில் வளர்ந்த நமக்கு அறைக்குள் நெருப்பு வைத்துத் தூங்கும் பழக்கமே கிடையாது. அதன் ஆபத்தை யாரும் சொல்லித் தருவதும் இல்லை. குளிரை அடக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இருக்கும், அதனால் எல்லா இடுக்கையும் மூடுவோம். ஊட்டி, கொடைக்கானல் அறைகளில் கரி அடுப்பை உள்ளே எடுத்துவைத்துத் தூங்குபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

கொர்ஃபுவில் சுவருக்கு வெளியே இருந்த பாய்லர், டாமனில் அறைக்குள் இருந்த ஹீட்டர். இரண்டாவதை நம்மால் பார்க்க முடியும், அணைக்க முடியும். முதலாவதைப் பார்க்கவே முடியாது. அதனால்தான் நான் சொல்வது: எச்சரிக்கையாக இருப்பது போதாது, கையோடு ஒரு அலாரம் கொண்டுபோக வேண்டும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் உள்ளங்கை அளவுதான். கைப்பையிலேயே வைத்து விமானத்தில் கொண்டுபோகலாம். வாங்கும்போது ஈ.என். 50291 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரப்படி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இந்த வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் அது கத்த வேண்டும். சமையல் கேஸ் கசிவுக்கான கருவியும் புகைக்கான அலாரமும் வேறு. அவை இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. கடைக்காரர்களே சில நேரம் குழப்புவார்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்பக்கத்தில் காலாவதி ஆண்டு போட்டிருப்பார்கள். படுக்கும் அறையில், படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில், ஜன்னலுக்கும் திரைச்சீலைக்கும் தள்ளி மேஜைமேல் வைத்தால் போதும்.

முன்பதிவுக்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: வெந்நீரும் அறைச் சூடும் எதில் வருகின்றன, அந்தக் கருவி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள்? மின்சாரம் என்றால் கவலை பெருமளவு போயிற்று. (பக்கத்து வீட்டுக் கருவியின் வாயு சுவர் தாண்டி வரலாம் என்பதால் முழுவதும் போகாது.) கேஸ் என்றால், போய்ச் சேர்ந்ததும் அதைப் போய்ப் பாருங்கள். குளியலறைக்குள்ளோ, கண்ணாடி போட்டு மூடிய பால்கனியிலோ வாட்டர் ஹீட்டர் தொங்கினால், புகைக்குழாய் கழன்றிருந்தால், சுற்றிலும் கரி படிந்திருந்தால், தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், அறையை மாற்றச் சொல்லுங்கள். 2018 டிசம்பரில் தென்கொரியாவின் காங்நுங் நகரில் ஒரு விடுமுறை இல்லத்தில் மூன்று பள்ளி மாணவர்கள் இறந்ததற்குக் காரணம் பாய்லரின் புகைக்குழாய் விலகியிருந்ததுதான். அதன் பிறகு அங்கே தங்குமிடங்களின் கேஸ் பாய்லர்களுக்கு அலாரத்தைக் கட்டாயமாக்கினார்கள்.

அறையில் இருக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ குமட்டலோ வந்தால், வெளியே நின்றால் தெளிந்து உள்ளே போனால் திரும்ப வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்லாமல் எல்லோரையும் எழுப்பி வெளியே கூட்டிப் போங்கள். மருத்துவமனையில் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (இந்த வாயு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை இங்கே நம்ப வேண்டாம். அதனால் ஆக்சிஜனையும் இந்த வாயுவையும் பிரித்தறிய முடியாது. இரத்தம் விஷமாகி இருக்கும்போதும் 98, 99 என்று காட்டும். சாதாரணக் காற்றில் இந்த வாயு இரத்தத்தில் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும்.

மருத்துவர் நலம் என்று சொன்னாலும் அந்த அறைக்குத் திரும்பிப் போகாதீர்கள். காரணம் எது என்று தீயணைப்புத் துறையோ கேஸ் தொழில்நுட்பரோ கண்டுபிடிக்கும் வரை, பெட்டியை எடுக்கக்கூட உள்ளே நுழைய வேண்டாம். ஐரோப்பிய நாடுகளில் அழைக்க வேண்டிய எண் 112. வெளியேறும் வழியில் பக்கத்து அறைக் கதவுகளையும் பலமாகத் தட்டுங்கள். ஒரே பாய்லரின் வாயு அங்கேயும் போய்க்கொண்டிருக்கலாம்.